டாக்காவில் கையெழுத்திட்டவர் ஏன் மானெக்‌ஷா அல்லர்? ஆர்மி கமாண்டர் என்னும் பொறுப்பு பற்றி ஒரு விவாதம்

யமுனைக்கரையான் (மயூர் விகார்):

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவின் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நடந்த பாகிஸ்தான் படையின் சரணாகதியைக் காட்டும் ஓவியம், நெடுங்காலம் சௌத் பிளாக்கில் ராணுவத் தலைமைத் தளபதியின் அறையில் இருந்தது. 2024 டிசம்பரில் அது தில்லி கன்டோன்மென்டில் உள்ள மானெக்‌ஷா மையத்துக்கு மாற்றப்பட்டது. அந்த இடமாற்றம் சரியா தவறா என்ற சர்ச்சையை இங்கே மறுபடி எழுப்ப நான் விரும்பவில்லை. என் கேள்வி ஓவியத்தில் இருப்பவரைப் பற்றியது. மேசையருகே பாகிஸ்தான் தளபதி நியாஸியின் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா. மானெக்‌ஷா பெயரைத் தாங்கிய கட்டடத்தில் தொங்கும் அந்தக் காட்சியில் மானெக்‌ஷா இல்லை. நாம் பேசும்போது மட்டும் "மானெக்‌ஷா நடத்திய போர்" என்றே பேசுகிறோம்.

கிழக்கே போரிட்ட மூன்று கோர்களும் (கோர் என்பது சில டிவிஷன்கள் சேர்ந்த படைத்தொகுதி), அதாவது ராய்னாவின் இரண்டாவது கோர், சகத் சிங்கின் நான்காவது கோர், தாப்பனின் முப்பத்து மூன்றாவது கோர் ஆகியவையும், வடக்கிலிருந்து இறங்கிய 101 கம்யூனிகேஷன் ஸோன் படைகளும், கல்கத்தா வில்லியம் கோட்டையில் இருந்த கிழக்குக் கமாண்டின் கீழ் இருந்தன. அந்தக் கமாண்டின் தளபதி, அதாவது ஆர்மி கமாண்டர், அரோரா. சரணாகதி ஆவணமும் அவரைக் கிழக்குப் போர்முனையில் உள்ள இந்திய, வங்கதேசப் படைகள் இரண்டுக்குமான தலைமைத் தளபதி என்றே குறிப்பிட்டது. மானெக்‌ஷா அவருக்கு மேலே, ராணுவத் தலைமைத் தளபதியாக, அரசுக்கும் போர்முனைக்கும் நடுவில், தில்லியில் இருந்தார்.

இந்த நடு அடுக்கைப் பற்றித் தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. தலைமைத் தளபதியைப் பற்றி எழுதுகிறோம், பரம்வீர் சக்கரம் பெற்ற வீரரைப் பற்றி எழுதுகிறோம்; இருவருக்கும் இடையே இரண்டு, மூன்று லட்சம் பேரைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட எல்லையைக் காக்கும் ஒருவர் இருப்பதை விட்டுவிடுகிறோம். போர் தொடங்கிய பிறகு இவர் எடுக்கும் பெரிய முடிவுகள் மிகச் சிலவே என்பதும், அவற்றின் தரம் போருக்கு முந்தைய ஆண்டுகளில் அவரும் அவருக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர்களும் செய்துவைத்த வேலையைச் சார்ந்தது என்பதும் என் கருத்து.

இதற்கு நான் காட்டும் சான்று தோல்வியிலிருந்து வருகிறது. 1957 முதல் 1961 வரை கிழக்குக் கமாண்டின் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தோராட், 1960-இல் அப்போது அக்கமாண்டின் தலைமையகமாக இருந்த லக்னோவில் "லால் கிலா" என்ற பெயரில் ஒரு பயிற்சியை நடத்தினார். சீனா வடகிழக்கு எல்லையில் இறங்கினால் எந்தப் பாதைகளில் வரும், நாம் எங்கே நின்று தடுக்க முடியும், அதற்கு எத்தனை படைகளும் சாலைகளும் வேண்டும் என்று வரைபடத்தில் காட்டினார். எல்லைக் கோட்டை ஒட்டிச் சிறு காவல்நிலைகளை வைத்துக் காக்க முடியாது, பின்னால் தள்ளி வலுவான தற்காப்புக் கோட்டில் நிற்க வேண்டும் என்பது அவர் முடிவு. அந்த மதிப்பீடு தில்லியில் ஏற்கப்படவில்லை. 1962 சீனப் போரில் நடந்தவை பெருமளவு அவர் சொன்னபடியே நடந்தன. ஓர் ஆர்மி கமாண்டர் தம் கடமையை முழுமையாகச் செய்தும் பயனில்லாமல் போன நிகழ்வு அது.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய சிக்னல்காரர் (தில்லி கன்டோன்மென்ட்):

ஐயா, நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவில் ஜே.சி.ஓ.வாக (இளநிலை அதிகாரியாக) ஓய்வு பெற்றவன்; தலைமையகங்களின் ஆப்ஸ் ரூமில் (போர் நடவடிக்கை அறையில்) நெடுநாள் பணியாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து, ரகசியம் எதையும் தொடாமல், சிலவற்றைச் சொல்கிறேன்.

பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று அடுக்கு ஏறுகிறது. ஒரு டிவிஷனில் ஏறக்குறைய 15,000 முதல் 18,000 பேர். சில டிவிஷன்கள் சேர்ந்தால் ஒரு கோர். சில கோர்கள் சேர்ந்தால் ஒரு கமாண்ட். இன்று நம் ராணுவத்தில் உதம்பூரில் வடக்கு, சண்டிமந்திரில் மேற்கு, ஜெய்ப்பூரில் தென்மேற்கு, லக்னோவில் மத்திய, கொல்கத்தாவில் கிழக்கு, புனேயில் தெற்கு என ஆறு போர்க் கமாண்டுகளும், சிம்லாவில் பயிற்சிக் கமாண்டும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தலைவர் ஒரு லெப்டினன்ட் ஜெனரல். நாம் வசிக்கும் இந்தத் தில்லியில் ராணுவத் தலைமையகமே இருந்தாலும், தில்லி ஏரியா சண்டிமந்திரின் கீழ்தான் வருகிறது என்பது பலருக்கும் தெரியாது.

அடுக்கு ஏற ஏற மாறுவது அதிகாரம் மட்டுமன்று, பார்க்க வேண்டிய காலத்தின் நீளமும் மாறுகிறது. பட்டாலியன் கமாண்டர் இன்றிரவைப் பற்றிக் கவலைப்படுகிறார். பிரிகேட் கமாண்டர் நாளையையும் மறுநாளையும் பார்க்கிறார். கோர் கமாண்டர் அடுத்த வாரத்தைப் பார்க்க வேண்டும். ஆர்மி கமாண்டர் இந்தப் பருவத்தையும் அடுத்த குளிர்காலத்தையும் பார்க்க வேண்டும். ஜோஜிலா கணவாய் பனியில் மூடுவதற்கு முன் லடாக்கில் எவ்வளவு மண்ணெண்ணெய், எவ்வளவு அரிசி, எத்தனை பீரங்கிக் குண்டுகள் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது, கோடையிலேயே அவர் மேசையில் தீர்ந்திருக்க வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கு பிசகினால், பிறகு எவ்வளவு வீரம் இருந்தாலும் ஈடுசெய்ய முடியாது.

காலை பிரிஃபிங்கில் நான் கண்ட நல்ல தளபதிகள் குறைவாகவே பேசினார்கள். கேள்விகள் கேட்டார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே கேள்வியின் வடிவங்கள்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் பார்த்தது? எப்போது?" முன்னணிக் காவல்நிலையிலிருந்து புறப்படும் ஒரு செய்தி நான்கைந்து தலைமையகங்களைக் கடந்து மேலே வரும்போது, ஒவ்வோர் இடத்திலும் அதன் கூர்மை கொஞ்சம் மழுங்குகிறது, சந்தேகம் என்று புறப்பட்டது உறுதி என்று வந்து சேருகிறது. அதனால்தான் அவர்கள் ஹெலிகாப்டரில் ஏறி நேரே போய்ப் பார்த்தார்கள். போன இடத்தில் அடுக்கைத் தாண்டி ஆணையிட மாட்டார்கள். பார்த்ததையும் கேட்டதையும் மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, தம் கீழுள்ள கோர் கமாண்டரிடம் மட்டுமே பேசுவார்கள்.

இதற்கு நேர்மாறானது 1962. வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஓடையருகே ஒரு சிறு காவல்நிலை எங்கே இருக்க வேண்டும் என்பது தில்லியில் முடிவானது. கோர் கமாண்டராக இருந்த உம்ராவ் சிங் தம்மிடம் உள்ள படையையும் பொருளையும் வைத்து அந்தப் பணி இயலாது என்று வாதிட்டபோது, அந்தப் பகுதியே அவர் பொறுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கென அக்டோபரில் நான்காவது கோர் உருவாக்கப்பட்டு, போர்க்களத்தில் படை நடத்திய அனுபவம் இல்லாத கௌலிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரோ சீனத் தாக்குதலுக்குச் சற்று முன் நோய்வாய்ப்பட்டுத் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கே தம் வீட்டுப் படுக்கையிலிருந்தே கோரை நடத்தினார். அக்டோபர் 20 விடியலில் பிரிகேடியர் தால்வியின் ஏழாவது பிரிகேட் சிதைந்தது. மேலிருந்து வந்த அழுத்தத்தைத் தாங்கிக் கீழுள்ளவர்களைக் காப்பது ஆர்மி கமாண்டர் லெப்டினன்ட் ஜெனரல் சென்னின் பொறுப்பாக இருந்தது. அது நடக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

முனிர்க்கா மாணவி (ஆய்வு மாணவி):

சிக்னல்காரர் ஐயா எழுதியது எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆனால் இரண்டு வேறு பணிகளை நாம் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறோம் என்று தோன்றுகிறது. படையைச் சேர்த்து, பயிற்றுவித்து, கருவிகள் கொடுத்து ஆயத்தமாக வைப்பது ஒன்று. ஆயத்தமான படையைப் போர்முனையில் செலுத்துவது வேறொன்று. நம் நாட்டு ஆர்மி கமாண்டர் இரண்டையும் செய்கிறார். பல நாடுகளில் அப்படி இல்லை.

அமெரிக்காவில் 1973-இல் உருவாக்கப்பட்ட படைகள் கமாண்ட், உள்நாட்டில் இருந்த தரைப்படைப் பிரிவுகளை ஆயத்தம் செய்யும் பொறுப்பை ஏற்றது. போர் என்று வந்தால் அந்தப் பிரிவுகள் உலகின் ஒரு பகுதியில் முப்படைகளுக்கும் பொறுப்பான கூட்டுத் தளபதியிடம் போய்ச் சேரும். 1980-இல் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கும் முயற்சி பாலைவனத்தில் தோற்றதும், 1983-இல் கிரெனடாவில் முப்படைகளுக்கிடையே ஒத்திசைவு இல்லாமற்போனதும் 1986-இல் கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டத்துக்கு வழிவகுத்தன. அதன்பின் ஆணைத் தொடர் அதிபரிடமிருந்து பாதுகாப்பு அமைச்சர் வழியாகக் கூட்டுத் தளபதிக்குச் செல்கிறது. ராணுவத் தலைமைத் தளபதி அந்தத் தொடரில் இல்லை. பிரிட்டனிலும் களப்படையின் தளபதி ஆண்டோவரில் இருந்து படைகளை ஆயத்தமாக வைத்திருக்கிறார். வெளிநாட்டுப் போர்ப்பணிகளை 1996 முதல் நார்த்வுட்டில் உள்ள நிரந்தரக் கூட்டுத் தலைமையகம் நடத்துகிறது.

நம்மிடம் தரைப்படைக்கு ஏழு, விமானப்படைக்கு ஏழு, கடற்படைக்கு மூன்று என 17 தனித்தனிக் கமாண்டுகள் உள்ளன. சீன எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டால், தரைப்படையின் வடக்கு, மத்திய, கிழக்குக் கமாண்டுகள் மூன்றும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. விமானப்படையில் தில்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள மேற்குக் கமாண்டும், பிரயாக்ராஜில் உள்ள மத்தியக் கமாண்டும், ஷில்லாங்கில் உள்ள கிழக்குக் கமாண்டும் பகிர்ந்துகொள்கின்றன. எதிர்த்தரப்பில் சீனா 2016-இல் இந்த எல்லை முழுவதையும் ஒரே மேற்குப் போர்முனைக் கமாண்டின் கீழ் கொண்டுவந்துவிட்டது. ஒரு எதிரி, ஒரு எல்லை, நம் பக்கம் ஆறு தளபதிகள். இவற்றை, ஒரு போர்முனையின் முப்படைகளையும் ஒரே தளபதியின் கீழ் வைக்கும் போர்முனைக் கமாண்டுகளாக மாற்றும் சீர்திருத்தம் இந்தக் குறையைத் தீர்க்கவே முன்வைக்கப்பட்டது; 2020 ஜனவரி 1 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பதவி தொடங்கப்பட்டதும் இதற்கான படிதான். யமுனைக்கரையான் அவர்கள் வியக்கும் அந்த நடு அடுக்கு, இன்றைய வடிவில் தொடர்வது சரியில்லை என்பதே என் நிலைப்பாடு.

பழைய சிக்னல்காரர்:

அம்மா, நீங்கள் சொல்லும் கணக்கு சரி. ஆனால் ஆறு தளபதிகள் எப்படி வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1965 பாகிஸ்தான் போரில் லடாக்கிலிருந்து பஞ்சாப் வரை முழுவதும் ஒரே மேற்குக் கமாண்டின் கீழ் இருந்தது. லெப்டினன்ட் ஜெனரல் ஹர்பக்ஷ் சிங் ஒருவரே ஒரு பக்கம் ஹாஜிபீர் கணவாயையும், இன்னொரு பக்கம் சம்பில் நடந்த பீரங்கி வண்டித் தாக்குதலையும், லாகூர் நோக்கிய முன்னேற்றத்தையும், கேம்கரணில் வந்த எதிர்த்தாக்குதலையும் கவனிக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதருக்கு அது தாங்காது என்று அனுபவம் காட்டியது. அதனால்தான் 1971 போருக்குப் பின் 1972-இல் வடக்குக் கமாண்ட் தனியாகப் பிரிக்கப்பட்டது. 1999-க்கு முன் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கையும் லடாக்கையும் ஸ்ரீநகரில் இருந்த பதினைந்தாவது கோரே பார்த்தது. பள்ளத்தாக்கில் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் அதன் கவனம் மூழ்கியிருந்த காலத்தில் கார்கில் மலைமுடிகளில் ஊடுருவல் நடந்தது. எட்டாவது மலை டிவிஷனைப் பள்ளத்தாக்கிலிருந்து எடுத்து திராஸுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. போர் முடிந்த கையோடு, அதே ஆண்டில், லேயில் பதினான்காவது கோர் உருவானது. 2005-இல் தென்மேற்குக் கமாண்ட் வந்தது.

ஒவ்வொரு பிரிவினையும் ரத்தம் சிந்திக் கற்ற பாடத்தின் விளைவு. அப்படிப் பிரித்ததை மறுபடி ஒன்றாக்கினால், லடாக்கில் ஒரு நெருக்கடியும் அருணாசலத்தில் ஒரு நெருக்கடியும் ஒரே வாரத்தில் வரும்போது, ஒருவர் இரண்டுக்கும் எப்படி மனம் கொடுப்பார்?

முனிர்க்கா மாணவி:

மனம் கொடுக்க வேண்டியவர் அவரல்லர் ஐயா. கோர் கமாண்டர்களும் தரைப்படைத் தளபதிகளும் அவர் கீழே இருப்பார்கள். இரண்டு நெருக்கடிகளில் எது உண்மையானது, எது கவனத்தைத் திருப்புவதற்கானது, கையிருப்புப் படையை எங்கே அனுப்புவது என்பதுதான் போர்முனைத் தளபதியின் கேள்வியாக இருக்கும். இன்று அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தில்லி தவிர வேறு இடமே இல்லை. நீங்களே 1962-ஐப் பற்றி எழுதியபோது தில்லி களத்துக்குள் கை நீட்டியதைக் கண்டித்தீர்கள். நடுவில் வலுவான தளபதி இல்லாதபோது தில்லியின் கை நீளத்தான் செய்யும்.

ஆர்.கே.புரம்வாசி:

நான் பாதுகாப்புக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். விவாதம் போர்க்களத்திலேயே நிற்பதால், கோப்புகளில் கண்டதைச் சேர்க்கிறேன்.

ஆர்மி கமாண்டரின் ஆண்டில் பெரும்பகுதி போரில் கழிவதில்லை. அவசரத் தேவைகளுக்குத் தாமே வாங்கிக்கொள்ளும் சிறப்பு நிதி அதிகாரம் அவருக்கு உண்டு. அது எதற்குச் செலவாகிறது என்பதைப் பார்த்தாலே அவர் முன்னணியை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். பனிக்காலணியும், இரவில் பார்க்கும் கருவியும், காவல்நிலைக்கு மின்சாரமும் கேட்டு வரும் கோப்புகள் ஒரு வகை. தலைமையக வளாகத்தை அழகுபடுத்தக் கேட்டு வருபவை இன்னொரு வகை. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் கீழ் ஜெனரல் கோர்ட் மார்ஷலைக் கூட்டும் அதிகாரமும், மாநில அரசுகளோடும் முதலமைச்சர்களோடும் பேசும் பொறுப்பும், நிலத் தகராறுகளும், முன்னாள் படைவீரர் குறைகளும் அவரிடம் வந்து சேர்கின்றன. உள்நாட்டுப் பாதுகாப்புப் பணி உள்ள மாநிலங்களில் குடிமை நிருவாகத்தோடு ஒத்துப்போவதே அவர் நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும்.

எனவே மாணவி அவர்கள் சொல்லும் பிரிவினையில் ஒரு நன்மை எனக்குத் தெரிகிறது. போரைப் பற்றிச் சிந்திக்க வேண்டியவரின் மேசையிலிருந்து இந்தக் கோப்புகளை எடுத்துவிட்டால், தோராட் செய்ததைப் போன்ற சிந்தனைக்கு நேரம் கிடைக்கும். ஒரு தீமையும் தெரிகிறது. சாப்பாடும் காலணியும் யார் கொடுப்பது என்ற பொறுப்பு இல்லாத தளபதி, வரைபடத்தில் அம்புக்குறிகளை எளிதாக நீட்டிவிடுவார்.

கரோல் பாக் வாசகர்:

இடையில் ஒரு கேள்வி. தமிழர்களில் இந்தப் பொறுப்பை வகித்தவர்கள் யார்? சுந்தர்ஜியைத் தவிர வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

யமுனைக்கரையான்:

குமாரமங்கலத்தை மறக்கக்கூடாது. ஜமீன்தார் சுப்பராயனின் மகனான பி.பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தார். அதற்கு முன், 1962 தோல்விக்கு அடுத்த ஆண்டில், கிழக்குக் கமாண்டின் பொறுப்பை ஏற்றார். அவரையடுத்து அங்கே வந்தவர் மானெக்‌ஷா, அவரையடுத்து அரோரா. 1962-இல் நொறுங்கிப்போன ஒரு கமாண்ட் 1971-இல் பதின்மூன்று நாளில் போரை முடித்தது என்றால், இடையே ஒன்பது ஆண்டுகள் அதைக் கட்டியெழுப்பியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. முதல் பதிவில் நான் சொல்ல வந்ததும் இதுவே.

செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி 1984-இல் மேற்குக் கமாண்டின் தளபதியாக இருந்தார். அமிர்தசரஸ் பொற்கோயில் நடவடிக்கை அவர் காலத்தில், அவர் கமாண்டின் கீழ் நடந்தது. சொந்த மக்களின் வழிபாட்டிடத்துக்குள் படையை அனுப்ப வேண்டிய ஆணை ஒரு தளபதிக்கு வருவதைவிடக் கொடிய நிலை வேறு இல்லை. அதன் காயம் இந்தத் தில்லியில் அதே ஆண்டு நவம்பரில் எப்படி வெளிப்பட்டது என்பதை இங்கே நெடுநாள் வாழ்பவர்கள் அறிவார்கள். பிற்காலத்தில் தலைமைத் தளபதியாக அவர் இயந்திரமயப் படைகளைப் பற்றிக் கொண்டிருந்த பார்வையைத் தனி இழையில் பேசலாம்.

முனிர்க்கா மாணவி:

1971-ஐ வைத்தே என் வாதத்தைத் தொடர்கிறேன். தரைப்படையின் கிழக்குக் கமாண்ட் கல்கத்தாவில், விமானப்படையின் கிழக்குக் கமாண்ட் ஷில்லாங்கில், கடற்படையின் கிழக்குக் கமாண்ட் விசாகப்பட்டினத்தில் இருந்தன. மூன்று நகரங்களில் மூன்று தளபதிகள் இருந்தும் அந்தப் போரில் வென்றது, மானெக்‌ஷாவின் ஆளுமையாலும் ஆயத்தத்துக்குக் கிடைத்த மாதங்களாலும்தான். 1999-இல் அந்த அவகாசம் இல்லை. மே மாதத் தொடக்கத்தில் ஊடுருவல் தெரியவந்தது. விமானத் தாக்குதல் மே 26 அன்றுதான் தொடங்கியது. எந்த வகை விமானத்தை எந்த அனுமதியோடு பயன்படுத்துவது என்று தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இடையே ஓடிய வாதம் அந்த இடைவெளிக்கு ஒரு காரணம். உதம்பூருக்கும் சுப்ரதோ பார்க்குக்கும் பொதுவான தளபதி ஒருவர் இருந்திருந்தால் அந்த வாதம் ஒரே அறையில் தீர்ந்திருக்கும்.

பழைய சிக்னல்காரர்:

1971-இல் நடந்த இன்னொன்றையும் பாருங்கள் அம்மா. சகத் சிங்குக்கு வகுக்கப்பட்ட பணி மேக்னா ஆற்றின் கிழக்குக் கரைவரைதான் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆஷுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. அவர் குரூப் கேப்டன் சந்தன் சிங்கோடு பேசி, எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் டிசம்பர் 9 இரவு முதல் படையை மறுகரைக்கு இறக்கத் தொடங்கினார். டாக்காவுக்கு வழி திறந்தது. அந்த ஹெலிகாப்டர்களைக் கேட்டுப் பெறக் கூட்டுத் தலைமையகம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கோர் கமாண்டரும் ஒரு விமானப்படை அதிகாரியும் ஒரே இடத்தில் நின்று ஆற்றைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆர்மி கமாண்டர் அரோராவின் பங்கு, அந்த முன்னேற்றத்தை நிறுத்தாமல் விட்டது. அதைச் சிறு பங்கு என்று யாரும் எண்ண வேண்டாம்.

கூட்டுத் தளபதி இருந்தால் எல்லாம் சரியாகும் என்பதற்கும் மறுப்பு உண்டு. 1991 வளைகுடாப் போரில் ஷ்வார்ஸ்காஃப் ரியாத்தில் இருந்து அனைத்துப் படைகளையும் நடத்தினார். தரைப்படைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். பாலைவனத்தில் ஏழாவது கோரை நடத்திய ஃபிராங்க்ஸ் மெதுவாக நகர்கிறார் என்று ரியாத் வரைபடத்தைப் பார்த்து அவர் கோபப்பட்டார். களத்தில் இருந்த ஃபிராங்க்ஸோ தம் டிவிஷன்கள் சிதறாமல் ஒரே முஷ்டியாக மோத வேண்டும் என்று பார்த்தார். போர் முடிந்து ஆண்டுகள் கழித்தும் இருவரும் அதைப் பற்றி மாறுபட்டே எழுதினார்கள். தூரத்திலுள்ள தளபதிக்கும் களத்துக்கும் நடுவே ஒரு தரைப்படைத் தளபதி முழு அதிகாரத்தோடு இருந்திருந்தால் இந்தப் பிணக்கு இவ்வளவு வளர்ந்திருக்காது. நம் ஆர்மி கமாண்டர் இருக்கும் இடம் அதுவே. அவரை எடுத்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

யமுனைக்கரையான்:

சிக்னல்காரர் ஐயாவின் கடைசிக் கருத்தோடு நான் ஒத்துப்போகிறேன், அதற்கு 1965-ஐயும் சேர்க்கிறேன். கேம்கரணில் பாகிஸ்தானின் கவச டிவிஷன் உடைத்துக்கொண்டு வந்தபோது, படைகளைப் பியாஸ் ஆற்றுக்குப் பின்னால் எடுத்துவிடலாம் என்று தலைமைத் தளபதி சௌத்ரி கருதியதாகவும், தாம் மறுத்ததாகவும் ஹர்பக்ஷ் சிங் பிற்காலத்தில் எழுதினார். எல்லா வரலாற்றாளரும் இதை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் முடிவு நமக்குத் தெரியும்: நான்காவது மலை டிவிஷன் அசல் உத்தரில் குதிரைலாட வடிவில் நின்றது, வயல்களில் நீரைத் திறந்துவிட்டது, தியோகராஜின் கவச பிரிகேட் துணைநின்றது, பாகிஸ்தானின் பாட்டன் பீரங்கி வண்டிகள் சேற்றிலும் கரும்புத் தோட்டத்திலும் சிக்கின. பின்வாங்கியிருந்தால் அமிர்தசரஸ் போயிருக்கும். தில்லியிலிருந்து பார்க்கும்போது ஒரு தாக்குதலின் அளவு பெரிதாகத் தெரியும். அருகிலிருந்து பார்ப்பவருக்கு அதன் குறைகளும் தெரியும். "இல்லை, நான் இங்கேயே நிற்கிறேன்" என்று மேலே சொல்லக்கூடிய தகுதியும் துணிவும் உள்ள ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

2020-இலும் இதைக் கண்டோம். லடாக்கின் கல்வானில் ஜூன் 15 இரவில் சீனப் படையுடன் நடந்த மோதலில் நம்மவர் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அதன்பின் ஆகஸ்ட் இறுதியில் பாங்கோங் ஏரியின் தெற்கே கைலாஷ் மலைத்தொடரின் முடிகளை நம் படை பிடித்தது. பேச்சுவார்த்தை மேசையில் பேரம் பேச நமக்கு ஏதோ ஒன்று கிடைத்தது அப்போதுதான். அந்தப் பேச்சுவார்த்தையே கோர் கமாண்டர் மட்டத்தில் நடந்தது. காலையில் படையை நிறுத்துபவரே மாலையில் எதிர்த்தரப்புத் தளபதியோடு பேசினார்.

ஆர்.கே.புரம்வாசி:

இருவரும் ஒரு நடைமுறைக் கேள்வியைத் தொடாமல் போகிறீர்கள். அதிகாரியின் ஆண்டு ரகசிய அறிக்கையை யார் எழுதுவார்கள்? என் பணிக்காலத்தில் நான் கண்டவரை, எந்தத் துறையிலும் மனிதர்கள் தம் பதவி உயர்வைத் தீர்மானிப்பவர் சொல்லையே கேட்கிறார்கள். முப்படை அமைப்புகளின் தலைவர்களுக்குக் கட்டளை, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய அதிகாரங்களைத் தரும் சட்டம் 2023-இல் நிறைவேறி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அது தேவையான படி. ஆனால் ஒரு விமானப்படை அதிகாரியின் எதிர்காலம் விமானப்படைத் தலைமையகத்தின் கையில் இருக்கும்வரை, தரைப்படையிலிருந்து வந்த போர்முனைத் தளபதியின் ஆணைக்கு அவர் எவ்வளவு மனம் ஒப்பி நடப்பார்? அந்தமான் நிக்கோபார் கமாண்ட் 2001-இல் முப்படைக் கூட்டுக் கமாண்டாகத் தொடங்கப்பட்டபோதே இந்தச் சிக்கல் தலைகாட்டியது. மூன்று சேவைகளும் தம் படைகளையும் பொருள்களையும் அதற்கு மனமுவந்து ஒதுக்கவில்லை என்ற குறை நெடுங்காலம் பேசப்பட்டது.

முனிர்க்கா மாணவி:

மிகவும் சரியான கேள்வி ஐயா. அமெரிக்கச் சட்டம் இதை ஒரு வழியில் எதிர்கொண்டது: கூட்டுப் பணியிடத்தில் பணியாற்றாத அதிகாரி ஜெனரல் நிலைக்கு உயர்வது கடினம் என்று ஆக்கியது. அதன்பின் திறமையானவர்கள் தாமாகவே கூட்டுத் தலைமையகங்களை நாடினார்கள். நம்மிடமும் லெப்டினன்ட் ஜெனரல் பதவிக்கு முன் கூட்டுப் பணி கட்டாயம் என்றும், அங்கே போர்முனைத் தளபதி எழுதும் அறிக்கைக்குத் தனி எடை உண்டு என்றும் விதி வேண்டும். சிக்னல்காரர் ஐயாவின் கவலைக்கும் இடம் தருகிறேன்: வடக்குப் போர்முனைக் கமாண்ட் உருவானாலும், உதம்பூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள ஆர்மி கமாண்டர்கள் தரைப்படைத் தளபதிகளாக அதன் தளபதியின் கீழ்த் தொடரட்டும், அவர்களின் கோர்கள் அவர்களிடமே இருக்கட்டும். கையிருப்பு டிவிஷன்களும் விமானப்படைப் பங்கீடும் மட்டும் போர்முனைத் தளபதியின் கையில் இருந்தால் போதும்.

பழைய சிக்னல்காரர்:

அப்படியானால் எனக்கு எதிர்ப்பு இல்லை அம்மா, ஒரு நிபந்தனையோடு. பானாகட்டில் உள்ள பதினேழாவது கோர் போன்ற மலைத் தாக்குதல் படை எந்தக் கமாண்டுக்கு எந்தப் பருவத்தில் போகும் என்பது அமைதிக் காலத்திலேயே பயிற்சி செய்து பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அருணாசலத்தின் மழைக்காட்டில் பழகிய படையை லடாக்கின் உயரத்துக்கு ஒரே வாரத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. உடல் அந்த உயரத்துக்குப் பழகுவதற்கே நாள்கள் பிடிக்கும், அங்கே கட்டிவைத்த பதுங்குகுழியும் சேர்த்துவைத்த குண்டும் இல்லாமல் வந்து நிற்கும் டிவிஷன் பாரமாகிவிடும். கையிருப்பு யார் கையில் என்று எழுதுவதோடு நின்றால் அது தில்லிக் கோப்பாகவே இருக்கும். அதை நகர்த்திப் பார்க்கும் பயிற்சியை ஆண்டுதோறும் நடத்த வேண்டியவர் யார் என்பதையும் அதே ஆணையில் எழுத வேண்டும்.